செவப்புக் கல்லுக் கம்மல்

பம்பையைத் தோளில் மாட்டினால் ஊரையே அழவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "காரச் சட்னி இன்னும் கொஞ்சம் கீதா?" என்று கேட்கிற என் நைனாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. பேச வேண்டியதையெல்லாம் உன் போட்டோ முன்னால் நின்று பேசிவிடுவேன். நீயும் உயிரோடு இருந்தபோது எப்படியோ அப்படியே, பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாய். இந்த விஷயத்தை மட்டும் அப்படிப் பேச முடியவில்லை. நாலு பேர் காதில் விழுகிற மாதிரி உன்னைக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் நல்ல சேதி. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகள், உன் பேத்தி நித்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் சத்தியவேடு பக்கம் வரதய்யபாளையம், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. வீட்டில் தெலுங்குதான் பேசுகிறார்கள், ஆனால் கோபம் வந்தால் மாமியார்க்காரி தமிழில்தான் திட்டுகிறாள். அதனால் நம் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். பத்திரிகையை நானே திருப்பதியில் என் டிடிபி கடையில் அடித்தேன், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு.

கடையில் இப்போது இன்னொரு வேலையும் நடக்கிறது. எல்லையோர ஊர்களின் பாட்டையும் சாமிக் கதைகளையும் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஒரு காலேஜ் சார் வந்தார். டைப் அடித்துக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தவள், இப்போது நானே போனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிறேன். ராமகுப்பம் தொடங்கி இந்தக் கோடி வரைக்கும் எல்லா ஊரிலும் ஏழு அக்கா தங்கச்சி சாமி கதை இருக்கிறது. ஆறு பேருக்கு ஊரும் பேரும் சரியாகச் சொல்கிறார்கள். ஏழாவது ஒருத்தி மட்டும் எங்கிருந்தோ வழி தப்பி வந்தவள். அவளைப் பற்றிக் கேட்டால், "அவ எங்கூட்டுக்காரி இல்லம்மா, வந்தவ" என்றுதான் எந்த ஊரிலும் சொல்கிறார்கள். நான் அதைச் சிரித்துக்கொண்டே டைப் அடித்தேன்.

இனி வருவது உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம் பக்கத்தில் பூவோடும் புடவையோடும் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். தெலுங்குக்காரர்கள் பேரண்டாலு என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். ஏரிக்கரையில் மஞ்சள் நீர்ச் சொம்பும் புதுப் புடவையும் வைத்து, பம்பை அடித்து, அவள் கதையைப் பாடிக் கூப்பிட வேண்டும். வீட்டுப் பெண் ஒருத்தி மேல் அவள் இறங்குவாள். "யாரு வந்துக்கீறது, பேரு சொல்லு" என்று மூன்று தரம் கேட்க வேண்டும். பேர் சொன்ன பிறகு சொம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவீட்டில் வைப்போம். படையல் முடிந்து அந்தப் புடவையைக் கல்யாணப் பெண் கட்டிக்கொள்வாள். பம்பைக்காரனான நீ குடிபாலா தொடங்கிப் புத்தூர் வரைக்கும் எத்தனையோ வீட்டுப் பூவாடைக்காரிகளை அழைத்துக் கொடுத்தவன்.

நம் வீட்டுப் பூவாடைக்காரி உன் தங்கச்சி மல்லிகா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஏரியில் தண்ணீர் மொள்ளப் போய்க் கால் தவறி விழுந்தவள். அப்படித்தான் எனக்குச் சொன்னாய். நீ கட்டின அவள் பாட்டை எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பாடிவிட்டுத்தான் அந்த வீட்டுக்காரியை அழைப்பாய்.

*செவப்புக் கல்லுக் கம்மல் மின்ன*
*சேலை நனைய வந்தவளே*
*யாரு வூட்டுப் பொண்ணுன்னு*
*ஏரித் தண்ணி கேட்டுதடி*

இந்த நாலு வரியை மட்டும் மூன்று தரம் பாடுவாய், கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே. ராகத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

சம்பந்தம் பேசி முடித்த அன்று, மாப்பிள்ளை வீட்டில் சாப்பாடு ஆனதும் பெண்கள் எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். பேரண்டாலு பாட்டு இருந்தால் பாடுங்கள் என்று போனை நீட்டினேன். தெலுங்கில் ஒன்று பாடினார்கள், நன்றாக இருந்தது. "மீரு பாடண்டி" என்று சம்பந்தி அம்மா என் பக்கம் திருப்பிவிட்டாள். நான் உன் பாட்டைப் பாடினேன். ஓரமாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, தலை நிமிராமல், "அது செவப்பு இல்லம்மா. பச்சை" என்றாள்.

அங்கிருந்த பெண்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "லட்சுமம்மாவுக்குத் தமிழ் வருமா?" என்றாள் சம்பந்தி அம்மா. இத்தனை வருஷத்தில் அவள் வாயில் ஒரு தமிழ் வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லையாம். நான் சிரித்துக்கொண்டே, "எங்க நைனா அவர் கூடப்பொறந்த தங்கச்சி மேல கட்ன பாட்டும்மா இது, அவருக்குத் தெரியாதா" என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். என்னவோ மாதிரி இருந்தது. நானும் பின்னாலேயே போனேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு முந்தானையைக் காதிலிருந்து விலக்கினாள். பச்சைக் கல் கம்மல். ஒரு கல் உடைந்து பாதிதான் இருந்தது.

"எங்கம்மா போட்டுவுட்டது. அண்ணன் எப்பிடி மறந்தாரு?" என்றாள்.

நைனா, செத்தவள் எதிரே நிற்கிறாள் என்ற பயமா, நீ பொய் சொன்னாய் என்ற கோபமா, என்னவென்று தெரியவில்லை. பைத்தியக்காரி மாதிரி என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "உனுக்கு வச்ச பொடவைய என் கல்யாணத்துல நான் கட்டிக்கினேன் அத்தை."

"இன்னா கலரு?"

"ஊதா."

"ஊதா எனுக்குப் புடிக்காது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அங்கேயே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதோம்.

மாங்காய் சீசனுக்கு லோடு ஏற்ற வந்தவனோடு போனாளாம். வேறு சாதி, வேறு பாஷை. இங்கே அவளுக்கு வைத்த பேர் லட்சுமி. நல்லவன், போன வருஷம் தவறிவிட்டான், இரண்டு பையன்கள். எல்லாம் சொன்னாள். இடையிடையே தமிழ் கிடைக்காமல் தெலுங்குக்குப் போய்த் திரும்பி வந்தாள். பெரியவன் பிறந்ததும் ஒரு தரம், அண்ணன் காலில் விழுந்து வீட்டுக்குள் வந்துவிடலாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் ஊருக்கு வந்திருக்கிறாள். ஏரிக்கரையில் பம்பைச் சத்தம். சித்தப்பா கல்யாணத்துக்கு முந்தின அழைப்பு அது. புளியமரத்துப் பக்கம் ஒதுங்கி நின்றிருக்கிறாள். நீ மல்லிகாவை வா வா என்று பாடிக்கொண்டிருந்தாய்.

"நான் செத்துட்டேன்னு எனுக்கே அப்பதான் தெரிஞ்சிது" என்றாள். "அண்ணன் என்னைப் பார்த்தாரு. பாட்ட நிறுத்தல."

பார்த்தாயா நைனா? உண்மையாகவே பார்த்தாயா? பார்த்துவிட்டு எப்படி அடுத்த அடிக்குப் போனாய்?

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இவள் உயிரோடு இருக்கிறாள் என்றால், நாம் அழைத்தபோதெல்லாம் வந்தது யார்? அம்மா மேல் இறங்கி என் கல்யாணத்தில் அழுதது யார்? "குளுருது, தண்ணி குளுருது" என்று பல் கிட்டிப்போகிற மாதிரி நடுங்கினாளே. பேர் சொல்லு என்று கேட்டால் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. மூன்றாவது தரம் நீயே முந்திக்கொண்டு, "மல்லிகாதானே, மல்லிகாதானே வந்துக்கீறே" என்பாய். அவள் தேம்பிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாள். அது சம்மதம் என்று சொம்பைத் தூக்கிவிடுவோம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்காரவைத்துக் கேட்டேன். "எம் மேல வந்தவ எவளோ எனுக்கின்னா தெரியும். ஆனா அந்த அழுகை நம்ம வூட்டு அழுகை இல்லடி" என்றாள்.

மறுநாளே ஏகாம்பரம் மாமாவிடம் போனேன். உன் ஜோடிப் பம்பை அவர்தானே, உனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அத்தையைப் பார்த்தேன் என்றதும் மாமா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அத்தை போன அன்றைக்கே நம் ஆட்கள் நாலைந்து பேர் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். பையன் சத்தியவேடு பக்கம் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் நம் ஏரியில் ஒரு பெண் மிதந்தாள். முகம் தெரியவில்லை, மீன் கடித்திருந்தது. நீ தண்ணீரில் இறங்கிப் போய்க் குனிந்து, முடியை ஒதுக்கி, காதைப் பார்த்தாய். நெடுநேரம் பார்த்தாய். நிமிர்ந்து, "எங்க மல்லிகாதான்" என்றாய். போனவர்களுக்கு ஆள் அனுப்பித் திருப்பிக் கூப்பிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது.

"எனுக்கும் தெரியும் மல்லிகாது பச்சைன்னு" என்றார் மாமா. "சின்னதுலேந்து பார்க்கிற பொண்ணு. இது செவப்பு. ஆனா நான் வாயத் தொறந்தா அங்க ரெண்டு தலை வுழும். சும்மா நின்னுட்டேன். காரியம் முடிஞ்சதும் உங்க நைனா பாட்டு கட்னாரு. செவப்புன்னு ஏன்யா போட்றேன்னேன். அவளுக்குன்னு ஒண்ணாவது நெஜமா இருக்கட்டும்னாரு."

அதைக் கேட்டதிலிருந்து உன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்படவும் முடியவில்லை. நீ ஒருத்தியைச் சாகடித்துக் காப்பாற்றினாய். சரி. இன்னொருத்தியை? அவளுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். ஒரு அம்மா சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டிருப்பாள். இந்தப் பக்கமா, வேலூர்ப் பக்கமா, தமிழா, தெலுங்கா, தானாக விழுந்தாளா, யாராவது தள்ளிவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் நீ அவளுக்கு வேறு ஒருத்தி பேரைச் சூட்டி மண்ணைத் தள்ளிவிட்டாய். அவளை யாரும் தேடி நம் ஊருக்கு வந்திருந்தாலும், இங்கே அப்படி ஒரு பிணம் கிடைக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அதனால்தான் அந்த நாலு வரியை மூன்று தரம் பாடினாயா? செவப்புக் கல் என்றதும் எவள் முகமாவது மாறுகிறதா என்று பார்த்தாயா? முப்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் போனது பிழைப்புக்கா, இதற்கா? ஒரு தரமாவது யாராவது எழுந்து வந்தார்களா? என்னிடம் சொல்லியிருக்கலாமே. நான் என்ன, ஊரைக் கூட்டியா சொல்லியிருப்பேன்?

அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.  

"நான் அண்ணன் மேல வெச்சிருந்த கோவத்துல பாதி இன்னிக்குப் போச்சி" என்றாள். அப்புறம், "அப்ப அவ யாரு?" என்றாள்.

"தெரியாது அத்தை."

"என் பேர்ல கூப்ட்டா அவ எப்பிடி பதில் சொல்லுவா?"

எனக்கு அதுதான் பிரச்சினை. கல்யாணம் நெருங்கிவிட்டது. நித்யாவின் அழைப்பில் யாரைக் கூப்பிடுவது? மல்லிகா என்று கூப்பிட்டால், உயிரோடு இருக்கிறவளைச் செத்தவள் என்று இன்னொரு தரம் சொன்ன மாதிரி. கூப்பிடாமல் விட்டால், நாற்பது வருஷமாக நம் வீட்டு நல்லதுக்கெல்லாம் வந்து நின்றவளை இப்போது யாரோ என்று விரட்டிய மாதிரி. சொல்ல ஒரு பேர்கூட நம்மிடம் இல்லை. என் வீட்டுக்காரர், "இதெல்லாம் கிளறாதே, கல்யாணம் நல்லபடியா முடியட்டும்" என்றார். நித்யாதான், "அவங்க பொடவை கட்டிக்கினுதானே மணையில உக்காரணும், யாருன்னு தெரியாம எப்பிடிம்மா கட்றது?" என்று கேட்டாள். 

நேற்று அழைப்பு. வெயில் தணிந்ததும் ஏரிக்கரைக்குப் போனோம். ஏகாம்பரம் மாமா, உன் இடத்தில் அவர் தம்பி, அம்மா, நான், நித்யா, பங்காளி வீட்டுப் பெண்கள். சொம்பு வைத்துக் கற்பூரம் ஏற்றும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. அத்தை இறங்கினாள். கையில் ஒரு பை. மாமா அவளைப் பார்த்தார். குச்சி தோலில் படாமல் கையிலேயே நின்றது. பழைய ஆட்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டார்கள். அத்தை யாரையும் பார்க்காமல் பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். செவப்பு.

"கம்மலுக்குச் சேரும்" என்றாள்.

மாமா பாடினார். உன் பாட்டுத்தான், ஆனால் மல்லிகா பேர் வருகிற அடிகளை விட்டுவிட்டார். செவப்புக் கல் வந்ததும் அம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. இந்த வயசில் வேண்டாம் என்று நான் பிடித்துக்கொண்டேன், என் கையை உதறிவிட்டாள். "குளுருது" என்றாள். அதே குரல் நைனா. என் கல்யாணத்தில் கேட்ட அதே குரல். ஏரியில் இந்த வருஷம் பாதித் தண்ணீர்கூட இல்லை, வெயில் காலம், ஆனால் அம்மாவைத் தொட்ட என் உள்ளங்கை சில்லிட்டது. என்னை நம்பு என்று யாரிடமும் சொல்லமாட்டேன், உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

"யாரு வந்துக்கீறது, பேரு சொல்லு" என்றார் மாமா. பதில் இல்லை. இரண்டாம் தரம் கேட்டார். அம்மா தேம்பினாள். மூன்றாம் தரம் கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். முந்திக்கொண்டு பொய் சொல்ல நீ இல்லை.  பேர் சொல்லாமல் சொம்பைத் தூக்க முடியாது. 

அத்தை அந்தச் செவப்புப் புடவையைப் பிரித்து அம்மாவின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

"பேரு தெரியலன்னா போவுது, வுடு" என்றாள். "என் எடத்துல நீதான் படுத்துக்கினே. உன்னாலதான் நான் பொழைச்சேன், புள்ள பெத்தேன். என் பேர நீயே வெச்சிக்கோ. நான் வேற பேர்ல இருந்துக்கினேன், எனுக்கு அது போதும். வா மல்லிகா, வூட்டுக்குப் போலாம்."

அம்மாவின் நடுக்கம் நின்றது. கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி அத்தையின் காதைத் தொட்டாள். அந்தப் பச்சைக் கம்மலை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நீ அன்றைக்குத் தண்ணீரில் குனிந்து பார்த்த மாதிரி, நெடுநேரம். அப்புறம் என் மடியில் சாய்ந்துவிட்டாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவை, அவள் அழுகை அடங்கி வந்தாள் நைனா.

சொம்பை அத்தைதான் தூக்கிக்கொண்டு வந்தாள். நடுவீட்டில் அவள் பேருக்கு வைத்திருக்கிற விளக்கை அவளே ஏற்றினாள். நித்யா செவப்புப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை இட்லி தின்றுகொண்டே உன் போட்டோவை ஏறிட்டுப் பார்த்து, "காரச் சட்னி இன்னும் இதே காரம்தானா இந்த வூட்ல" என்றாள். பையன்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். "எழுதணும்னா எழுது, எனுக்கு இனிமே பயம் இல்ல" என்றாள். இன்றைக்குக் காலையில் கடையைத் திறந்து பத்திரிகையில் கொஞ்சம் மறுபடி அடித்தேன். மேலே ஆசி கூறுகிறவர்களில் தெய்வத்திரு மல்லிகா அப்படியே இருக்கிறாள். கீழே நல்வரவை விரும்புகிறவர்களில் அத்தை லட்சுமம்மா.

ஆனால் நைனா, கொடுத்த பேர் கொடுத்த பேர்தான். அவள் அம்மா வைத்த பேர் ஒன்று எங்கேயோ இருக்கிறது.  நீ பாடினாய், நேராகக் கேட்கவில்லை. பாட்டு என்று எல்லோரும் அழுதார்களே தவிர, அது ஒரு கேள்வி என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அதனால் உனக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். புத்தகத்தில் உன் பாட்டை ஒரு எழுத்து மாற்றாமல் போடுவேன். அதற்குக் கீழே இரண்டு பாஷையிலும், இவள் எங்கள் ஏரிக்கு வந்தவள், காதில் செவப்புக் கல் கம்மல், உங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒருத்தி போய்த் திரும்பாமல் இருந்தால் சொல்லுங்கள் என்று அடிப்பேன். பதிவு செய்யப் போகிற ஊரிலெல்லாம் அந்த நாலு வரியை மூன்று தரம் பாடுவேன், பாடிவிட்டு நீ விட்டதை வாய் திறந்து கேட்பேன்: யார் வீட்டுப் பெண்? யாராவது ஒருத்தி எழுந்து வருகிறவரைக்கும் கேட்பேன். அன்றைக்கு அத்தையிடம் மல்லிகா என்ற பேரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உனக்கு வந்து சொல்கிறேன்.

உன் மூத்த மகள்,
இரண்டு அத்தைகளுக்கு மருமகள்,
செல்வி